ஓடைச் சிற்றுயிர்களும் பருவநிலையும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் எங்கள் அலுவலகத்திற்கு ஒரே வாரத்தில் இரண்டு விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தன. மலையடிவாரத்திலுள்ள மேலூர் ஊராட்சி, தன் எல்லையில் ஓடும் ஓடையின் இரு கரையிலும் அடர்ந்துள்ள மரங்களையும் புதர்களையும் வெட்டி, இயந்திரத்தைக் கொண்டு அடியிலுள்ள கல்லையும் மணலையும் வாரிச் சமன் செய்து, இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பித் தர வேண்டும் என்று கேட்டிருந்தது. அதே ஓடையின் கீழ்ப்பகுதியிலுள்ள கீழூர் ஊராட்சியோ, முன்பெல்லாம் மாசி வரையில் ஓடிய தண்ணீர் இப்பொழுது தை முடியுமுன்பே நின்று குட்டை குட்டையாய்த் தேங்கிவிடுகிறது என்றும், கொசு பெருகிவிட்டது என்றும், மருந்து தெளிக்க நிதி ஒதுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தபொழுது, முதல் விண்ணப்பத்தில் 'ஆகட்டும்' என்று எழுதினால் இரண்டாவது விண்ணப்பம் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றிற்று. ஆகையால் இரண்டையும் நிறுத்தி வைத்திருக்கிறோம். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார்கள். நிறுத்தி வைத்ததற்குக் காரணம் சொல்ல நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இதற்கு ஓடையைப் பற்றி அடியிலிருந்தே பேச வேண்டியிருக்கிறது. ஓடை என்றதும் நமக்குத் தண்ணீர் நினைவுக்கு வருகிறது. அடுத்தபடியாக மீன் வருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பெருங்கூட்டம் குடியிருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓட்டமுள்ள இடத்தில் முழங்காலளவு நீரில் இறங்கி, உள்ளங்கையகலக் கல் ஒன்றை மெல்ல எடுத்துப் புரட்டிப் பாருங்கள். கல்லோடு கல்லாய் ஒட்டிக்கொண்டு, வாலில் மூன்று மெல்லிய இழைகளுடன் பக்கவாட்டில் நழுவி ஓடும் ஒரு சிறு ஜந்துவைக் காண்பீர்கள். அதன் வயிற்றின் இருமருங்கிலும் இலை போன்ற செவுள்கள் இடைவிடாமல் அசைந்துகொண்டிருக்கும். ஆங்கிலேயர் இதை மே ஈ என்பர். நாம் ஒருநாட்பூச்சி என்று சொல்லலாம். நீருக்குள் மாதக்கணக்கில் பாசியைச் சுரண்டித் தின்று வளரும் இது, சிறகு முளைத்து வெளியே வந்தபின் பெரும்பாலும் ஓரிரு நாளே உயிர் வாழ்கிறது. அந்நாட்களில் அதற்கு ஆகாரமே இல்லை. சிறகு முளைத்த பின்னரும் ஒருமுறை தோலுரித்துக்கொள்ளும் பூச்சியினம் உலகில் இது ஒன்றே.

அதே கல்லில், மணற்பருக்கைகளைத் தன் வாய்நூலால் ஒட்டி ஒரு சிறு குழாய் கட்டி, அதற்குள் உடலை ஒளித்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டும் புழு ஒன்று இருக்கும். இதன் இனத்தாரில் சிலர் வீடு கட்டுவதோடு நில்லாமல், இரு கற்களுக்கிடையே நூல்வலை பின்னி, ஓட்டத்தில் மிதந்து வரும் துணுக்குகளைப் பிடித்துத் தின்கிறார்கள். இரண்டு வாலிழைகளுடன் தட்டையாய் இருப்பது கற்பூச்சி. இது குளிர்ந்து விரைந்தோடும் நீரைவிட்டு நகராது. ஓரத்துச் சருகுக் குவியலில் தும்பியின் இளம்புழு பதுங்கியிருக்கும். நாம் தட்டான் என்று அழைத்து வயல்வெளியில் காணும் அந்தத் தும்பி, தன் இளமைப் பருவம் முழுவதையும் தண்ணீருக்குள்தான் கழிக்கிறது. அதன் கீழுதடு மடக்கிய கைபோல இருக்கும். கொசுப்புழு கிட்ட வந்ததும் அவ்வுதடு பாய்ந்து சென்று கவ்விக்கொள்ளும். மூச்சு விடுவதோ பின்வாயின் வழியாக! இவற்றோடு நண்டு, நத்தை, மட்டி, கூனி இறால், அட்டை ஆகியவற்றையும் சேர்த்து, முதுகெலும்பில்லா உயிர்கள் என்று அறிவியலார் ஒரே பெயரில் அழைக்கிறார்கள்.

இவர்கள் அங்கே சும்மா இருப்பதில்லை. கரைமரத்திலிருந்து விழும் சருகை நண்டும் கூடுகட்டிப் புழுவும் அரைத்துத் துண்டாக்குகின்றன. அத்துண்டை வலைகட்டிகள் பிடிக்கின்றன. கல்லில் படரும் பாசியை ஒருநாட்பூச்சியும் நத்தையும் மேய்கின்றன. மட்டி நீரை உறிஞ்சி வடிகட்டி விடுகிறது. இவற்றைத் தின்று மீனும் தவளையும் வாழ்கின்றன. சிறகு முளைத்து வெளியேறும் பூச்சிகளை வாலாட்டிக் குருவியும் வௌவாலும் சிலந்தியும் உண்கின்றன. வயலுக்குப் பறந்து வரும் தும்பி, நெற்பயிரைத் தாக்கும் தத்துப்பூச்சிகளையும் அந்துகளையும் பிடிக்கிறது. சம்பளம் கேட்காமல் வேலை செய்யும் இந்தக் கூட்டம் ஓடையிலிருந்து வெளியேறினால், அந்த வேலைகளைச் செய்ய வேறு ஆள் கிடையாது.

இனிப் பருவநிலைக்கு வருவோம். நம்முடைய உடலில் உஷ்ணம் ஒரே நிலையில் இருப்பதுபோல் இவற்றுக்கு இருப்பதில்லை. தண்ணீர் என்ன சூடோ அதுவே இவற்றின் உடற்சூடு. தண்ணீர் பத்து டிகிரி சென்டிகிரேட் சூடேறினால், இவற்றின் உடலில் நடக்கும் வேலைகள் ஏறக்குறைய இரு மடங்கு விரைவாகின்றன. ஆகவே பிராணவாயுவின் தேவையும் ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஆனால் தண்ணீரின் இயல்பு இதற்கு நேர் மாறானது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 25 டிகிரியில் 8.3 மில்லிகிராம்தான், 30 டிகிரியில் 7.6 மில்லிகிராம்தான். வரவு குறையும் வேளையில் செலவு இரட்டிக்கும் குடும்பத்தை நாம் அறிவோம். ஓடைப்பூச்சியின் கோடைக்காலம் அத்தகையது. தண்ணீர் கல்லில் மோதிச் சலசலத்து ஓடும்வரையில் காற்றிலிருந்து புதிய பிராணவாயு கலந்துகொண்டே இருக்கும். ஓட்டம் நின்றுவிட்டால் அந்த வரவும் நின்றுவிடுகிறது. செவுளை வேகமாக ஆட்டிப் பார்க்கும் ஒருநாட்பூச்சி, சிலகாலம் தாக்குப்பிடித்தபின் மடிகிறது. கொசுப்புழுவுக்கு இந்தக் கவலை இல்லை. அது நீர்மட்டத்திற்கு வந்து, குழலை நீட்டி நேரே காற்றை இழுத்துக்கொள்கிறது. சூடான குட்டையில் யார் மிஞ்சுவார் என்பதை இந்த ஒரு வேற்றுமையே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது.

சாகாமல் தப்பியவற்றுக்கும் இழப்பு உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஸ்ட்ரவுட் நீராய்வு நிலையத்தைச் சேர்ந்த ஸ்வீனி, வன்னோட் என்ற இருவர், நீர்ப்பூச்சிகளின் உடற்பருமனுக்கும் நீரின் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பை 1978ஆம் ஆண்டில் எழுதினார்கள். தனக்கு ஏற்ற அளவைவிடச் சூடான நீரில் வளரும் பூச்சி, முழு வளர்ச்சி பெறுமுன்னரே அவசரமாகப் பருவமடைந்து விடுகிறது, உடல் சிறுத்துப்போகிறது, சிறுத்த தாய் இடும் முட்டையும் குறைகிறது. கடும் வெயிலில் கதிர் சீக்கிரம் முற்றி மணி சிறுத்துப்போவதைக் கண்ட விவசாயிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஓடை உயிர்களை ஆண்டுக்கணக்கில் எண்ணி வந்த நாடுகளின் கணக்கு நம்மிடம் இருக்கிறது. ஜெர்மனியில் பிரைட்டன்பாக் என்ற சிற்றோடையின்மேல் கூடாரம் போன்ற கண்ணிகளை அமைத்து, வெளியேறும் பூச்சிகளை 1969 முதல் 2010 வரையில் 42 ஆண்டுகள் எண்ணினார்கள். அக்காலத்தில் ஓடைநீரின் சராசரி வெப்பம் 1.88 டிகிரி உயர்ந்தது. பூச்சிகளின் மொத்தத் தொகையோ 81.6 சதவீதம் வீழ்ச்சியுற்றது. வியப்பு என்னவெனில், இனங்களின் எண்ணிக்கை குறையவில்லை, சற்றே கூடியிருந்தது. கல்யாணத்திற்கு முன்னைவிட அதிக ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள், ஆனால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான் என்று இதைச் சொல்லலாம். பட்டியலை மட்டும் பார்த்து, 'எல்லாம் இருக்கின்றனவே' என்று திருப்தி கொள்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லின் பிரையான் என்னும் இடத்து மலையோடைகளை 25 ஆண்டுகள் கவனித்தவர்கள், நீர் ஒரு டிகிரி சூடேறினால் வசந்தகாலத்து நீர்ச்சிற்றுயிர்களின் தொகை 21 சதவீதம் வரையில் குறையக்கூடும் என்று 2007ஆம் ஆண்டில் கணித்தார்கள்.

'அவை பனி பெய்யும் நாட்டு ஓடைகள், நம் ஊர்ப் பூச்சி வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்தது, அதற்கென்ன?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் குளிர்நாட்டுப் பூச்சி, உறையும் குளிரிலிருந்து கோடை வரையில் அகன்ற எல்லைக்குள் வாழப் பழகியது. நம் மலையோடைப் பூச்சிக்கு ஆண்டு முழுவதும் வெப்பம் அதிகம் மாறுவதில்லை. ஆகவே அது பழகிய எல்லை குறுகியது. தாங்கக்கூடிய உச்சத்திற்கு மிக அருகிலேயே அது ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கிறது. 1901 முதல் 2018 வரையில் இந்தியாவின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 0.7 டிகிரி உயர்ந்திருப்பதாக மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கூரைக்கு நாலு விரல் கீழே தலை இருப்பவனுக்குத் தரை இரண்டு விரல் உயர்ந்தாலும் ஆபத்துதான்.

மேலும், நம் நாட்டில் பருவநிலை என்பது பாதி வெயில். மறு பாதி மழை. தமிழ்நாட்டு மழையில் ஏறக்குறைய பாதியை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே தருகிறது. 2016ஆம் ஆண்டில் அந்த மழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அதற்கு நேர் எதிராக, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது, தாமிரவருணி கரைபுரண்டது. ஏழு ஆண்டு இடைவெளியில் இவ்விரண்டையும் நம் தென்மாவட்டங்கள் கண்டன. ஓடைச் சிற்றுயிர் இந்த இரண்டு அடியையும் தாங்கியாக வேண்டும்.

தாங்க அதற்கு வழி தெரியும். இயற்கை அதற்குப் பல உபாயங்களைக் கற்பித்திருக்கிறது. நீர் வற்றும்பொழுது நத்தை சேற்றுக்குள் புதைந்து, ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்குகிறது. நண்டு வளை தோண்டி ஈரத்தைத் தேடிக் கீழே போகிறது. சில பூச்சிகளின் முட்டை மழை வரும்வரையில் பொரியாமல் காத்திருக்கிறது. இன்னும் பல, மேலே ஓட்டம் நின்ற பின்னும் மணலுக்கும் கூழாங்கல்லுக்கும் அடியில் கசிந்துகொண்டிருக்கும் நீருக்குள் இறங்கிவிடுகின்றன. வெள்ளம் வந்தாலும் அதே கல்லிடுக்குதான் புகலிடம். பெரிய பாறையின் மறைவிலும், கரைமர வேர்களின் பின்னலிலும் ஒதுங்கியவை பிழைத்துக்கொள்கின்றன. அடித்துச் செல்லப்பட்ட இடங்களில், மேலிருந்து மிதந்து வருபவையும் பறந்து வந்து முட்டையிடுபவையும் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ மீண்டும் குடியேறுகின்றன. இவ்வளவுக்கும் மூலதனம் மூன்றுதான்: அடியிலே கல்லும் மணலும், இடையிடையே வற்றாத ஆழ்கசங்கள், கரையிலே மரம். மேலூரிலிருந்து வந்த விண்ணப்பத்தை இப்பொழுது மறுபடியும் நினைத்துப் பாருங்கள். அவர்கள் எடுத்துவிடச் சொன்னவை இவையேதாம்.

மரத்தைப் பற்றி ஒரு சான்று சொல்லாமல் மேலே போக இயலாது. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து ஆல்சி நீர்ப்பிடிப்பில் அருகருகே உள்ள சிற்றோடைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 1966ஆம் ஆண்டில் ஓர் ஓடையின் நீர்ப்பிடிப்பில் கரை வரையில் மரங்களை முழுவதும் வெட்டினார்கள். மற்றோர் ஓடையின் நீர்ப்பிடிப்பில் திட்டுத் திட்டாக வெட்டினாலும், கரையோரம் மரமும் புதருமான ஒரு பட்டையை விட்டுவைத்தார்கள். முழுவதும் வெட்டிய ஓடையில், ஆண்டின் உச்ச வெப்பம் 14 டிகிரியிலிருந்து அடுத்த ஆண்டே 29 டிகிரிக்கு ஏறிவிட்டது. பட்டையை விட்டுவைத்த ஓடையில் வெட்டியதனால் ஏற்பட்ட மாறுதல் எதுவும் தென்படவில்லை. உலகம் முழுவதும் சூடேறுவதைத் தடுப்பது நம் ஊராட்சியால் ஆகிற காரியமன்று. ஆனால் நூறாண்டுகளில் பூமி சூடேறியதைப்போல் பல மடங்கை ஒரே ஆண்டில் ஓர் ஓடைக்கு ஏற்றிவிட ஒரு கோடரியால் முடியும். அதைத் தடுத்து வைக்க ஒரு நிழலால் முடியும்.

இந்த இடத்தில் எங்கள் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்குமுன் வேறொரு வட்டாரத்தில் பணியாற்றியபொழுது, ஓர் ஓடையை நாங்களே இப்படித் 'துப்புரவு' செய்தோம். புதரை அழித்தோம், கல்லை வாரினோம், அடியைச் சமமாக்கினோம். புகைப்படம் எடுத்து அறிக்கையோடு இணைத்தோம், பாராட்டும் கிடைத்தது. அடுத்த கோடையில் அந்த வழியே சென்றபொழுது, பட்டப்பகலில் காலை வைக்க முடியாத சூட்டில் ஒரு சாண் தண்ணீர் பச்சைப் பாசியோடு தேங்கி நின்றது. முன்பு அங்கே துணி துவைக்க வந்த மூதாட்டி ஒருவர், 'தட்டானெல்லாம் எங்கே ஐயா போச்சு?' என்று எங்களைக் கேட்டார். அப்பொழுது எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் இந்த விஷயத்தை நாங்கள் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம்.

இனிக் கீழூரின் கொசு. இதற்குப் பக்கத்து நாட்டு வரலாறு ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். இலங்கையில் தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் ஈரப்பகுதி ஆறுகளில், வழக்கமாக ஓட்டம் நில்லாது. ஓட்டத்தில் மலேரியாக் கொசுவின் முட்டையும் புழுவும் அடித்துச் செல்லப்பட்டுவிடும். 1934ஆம் ஆண்டில் அந்த மழை பொய்த்தது. மகா ஓயா, தெதுரு ஓயா போன்ற ஆறுகள் மெலிந்து, மணற்பரப்பின் நடுவே எண்ணற்ற குட்டைகளாகப் பிரிந்தன. அனாபிலிஸ் கூலிசிபேசிஸ் என்னும் கொசு அக்குட்டைகளில் கட்டுக்கடங்காமல் பெருகிற்று. கேகாலை, குருநாகல் பகுதிகளில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். 1934 இறுதியிலிருந்து 1935 முற்பகுதி வரையில், சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டார்கள். வறட்சி என்றால் கொசு குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஓடும் ஆறு குட்டையாக மாறியதால் அங்கே நிகழ்ந்தது அதற்கு நேர் மாறானது. பின்னர் அந்நாடு பல ஆண்டுகள் பாடுபட்டு மலேரியாவை ஒழித்தது. 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றிதழும் வழங்கிற்று.

குட்டையில் கொசு ஏன் முந்திக்கொள்கிறது? கொசு முட்டையிலிருந்து சிறகு முளைப்பது வரையிலான காரியத்தை வெப்பமான நீரில் ஏழெட்டு நாட்களிலேயே முடித்துவிடும். அதைத் தின்னும் தும்பிப்புழு வளர்ந்து ஆளாகக் குறைந்தது பல வாரங்கள், பல இனங்களில் பல மாதங்கள் ஆகும். ஓடை மாசி வரையில் ஓடினால் தும்பிப்புழு, நீர்வண்டு, மீன்குஞ்சு எல்லாம் கசங்களில் காவலுக்கு இருக்கும். தையிலேயே வற்றிக் குட்டை குட்டையாகப் பிரிந்து, அவையும் இருபது நாளில் காய்ந்து, மறுபடி ஒரு சிறு மழைக்கு நிறைந்தால், அந்தப் புதுக்குட்டையில் கொசு மட்டும்தான் குடியேற நேரமிருக்கும். காவலர் வருமுன் திருடன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுகிறான். அந்தக் குட்டையில் பூச்சிமருந்தை ஊற்றினாலோ, எஞ்சியிருந்த காவலரும் மடிகிறார்கள். முதலில் திரும்பி வருவது கொசுவே. இன்று யாங்கோன் எனப்படும் இரங்கூன் நகரில், வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் ஊர்மக்களே தும்பிப்புழுக்களை விட்டு, டெங்குவைப் பரப்பும் கொசுவை வெகுவாகக் குறைத்ததை 1990ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதைச் சொல்வதால், தொட்டியையும் தேங்காய்ச் சிரட்டையையும் கவனிக்க வேண்டாம் என்று பொருளில்லை. டெங்குக் கொசு ஓடையில் வளர்வதன்று. அது வீட்டைச் சுற்றி வளர்வது. அதில் சுகாதாரத் துறையினர் சொல்லும்படியே நாம் நடக்க வேண்டும். நாம் பேசுவது ஓடைக் குட்டையைப் பற்றி.

மேலூர்க்காரர்களின் குறை பொய்யென்று யாரும் எண்ண வேண்டாம். வெள்ளத்தில் ஓடை வளைவில் கரை அரித்து, வரப்போடு நிலமும் போனதை நாங்கள் நேரில் கண்டோம். நிலத்தைப் பறிகொடுத்தவர் புதரைத் திட்டுவது இயல்பு. ஆனால் கரை அரித்த இடம் எது என்று கவனித்தீர்களா? மரம் நின்ற இடமன்று. மரத்தை வெட்டி வரப்பை ஓடைக்குள் நீட்டிக்கொண்ட இடம். இதைச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். சுவர் எழுப்பினால் அந்த ஒரு வளைவு பிழைக்கும். விரைவு கூடிய வெள்ளம் அடுத்த வளைவைத் தின்னும். ஆகவே வளைவில் மட்டும் கற்களை அடுக்கி, அவற்றின் இடையில் வெட்டிவேரும் நொச்சியும் நட்டு, மேலே நீர்மருது, நாவல், புங்கன் கன்றுகளை வைப்பது என்று எங்கள் பொறியாளரோடு கலந்து ஒரு மாற்றுத் திட்டம் தயாரித்திருக்கிறோம். சீமைக் கருவேலத்தை அகற்றலாம்; அதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதை ஒரே மூச்சில் வழித்தெறியாமல், நாட்டுமரக் கன்று தலைதூக்கிய இடங்களில் படிப்படியாக எடுக்க வேண்டும். பாலத்தின் கண்களில் அடைத்திருக்கும் மண்ணையும் பிளாஸ்டிக் குப்பையையும் அள்ளலாம். ஓடையின் நடுமணலையும் கசங்களையும் தொடக்கூடாது.

தடுப்பணை கேட்பவர்களுக்கு ஒரு சொல். கிணற்றில் நீர் ஏறுவதற்குத் தடுப்பணை நல்லதுதான். ஆனால் அடியில் ஒரு திறப்பும் இல்லாமல் கட்டினால், அணைக்கு மேலே தேங்கிய நீரும் கீழே காய்ந்த மணலும்தான் மிஞ்சும். ஓடை என்பது இராது. கட்டும் முன்பே இதைப் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

விசைத்தெளிப்பானை ஓடையில் கழுவும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். நெல்லுக்கும் பருத்திக்கும் நாம் அடிக்கும் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள், நீரில் மிக மிகச் சொற்பமாகக் கலந்தாலும் ஒருநாட்பூச்சியைக் கொல்லும் தன்மையுள்ளவை. சூட்டினால் ஏற்கெனவே மூச்சுத் திணறுகிற உயிருக்கு அந்தச் சொற்பமே போதும்.

இதெல்லாம் பயன் தருகிறதா என்று அறிய நமக்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பிரிட்டனில் ஓடைகளின் நலத்தை அங்குள்ள சிற்றுயிர்களுக்கு மதிப்பெண் போட்டே அளந்தார்கள். தூய நீரில் மட்டும் வாழும் கற்பூச்சிக்குப் பத்து. சேறும் அழுக்கும் தாங்கும் சிவப்புப் புழுவுக்கு இரண்டு. சேற்று மண்புழுவுக்கு ஒன்று. நம் ஊரின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கொசுவலைத் துணியும் வெள்ளைத் தட்டும் கொண்டு இதைச் செய்யலாம். மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே நேரத்தில் இருபது கற்களைப் புரட்டி எண்ணி, நீரின் சூட்டையும் ஓட்டம் இருந்ததா என்பதையும் எழுதி வைக்க வேண்டும். 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஊராட்சியும் ஒரு மக்கள் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். பல ஊர்களில் அப்பதிவேடு அலமாரியில் தூங்குகிறது. மரமும் மாடும் எழுதப்பட்டிருக்கும், ஓடைப் பக்கம் வெறுமையாக இருக்கும். உலகளவில் இறால், நண்டு, மீன், தும்பி ஆகிய நன்னீர் உயிரினங்கள் 23,496ஐ ஆராய்ந்ததில், 24 சதவீதம் அழிவின் விளிம்பில் இருப்பதாக 2025 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் கணக்கு வெளிவந்தது. இறால், நண்டு வகையில் அது 30 சதவீதம். உலகக் கணக்கு வந்துவிட்டது. நம் ஓடைக் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.

நாளைக் காலை ஆறரை மணிக்கு இரண்டு ஊராட்சியின் உறுப்பினர்களும் பாலத்தடியில் கூடுவதாக ஏற்பாடு செய்திருக்கிறோம். முதலில் மேலூரில் நிழலுள்ள பகுதியிலும், பிறகு மரம் வெட்டிய வளைவிலும், கடைசியாகக் கீழூர்க் குட்டையிலும் இறங்கிப் பார்ப்போம். வெப்பமானியை நாங்கள் கொண்டு வருகிறோம். ஆளுக்கொரு வெள்ளைத் தட்டு கொண்டு வாருங்கள். எவர்சில்வர் தட்டில் பூச்சி சரியாகத் தெரியாது. அந்த இரண்டு விண்ணப்பங்களையும் கையோடு எடுத்து வருவோம். பார்த்து முடித்தபின் கரையிலேயே அமர்ந்து, என்ன எழுதுவது என்று இரண்டு ஊராரும் சேர்ந்து சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். புரட்டிய கல்லை, புரட்டுமுன் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைத்துவிட வேண்டும்; அடியில் முட்டை இருக்கும்.